“யோசியாதை” என்று சொன்னால் யோசனை நின்றுவிடுமா?



சென்ற மாதம் எமது வானொலியின் மாதர் நேரத்தில் ஓயாத யோசனை பற்றி நான் பேசியதை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். நிகழ்ச்சி முடிந்த பின்பும் தொலைபேசி அழைப்புகள் வந்தபடி இருந்தன. அழைத்தவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். “என்ரை மகள் நல்லாப் படிச்சவள். நல்ல உத்தியோகம், வீடு, பிள்ளையள் எல்லாம் இருக்கு. ஆனால் இரவிலை நித்திரை இல்லை. எந்த நேரமும் ஏதோ யோசனை. கேட்டால் ஒண்டுமில்லை எண்டு சொல்லுறாள். இது என்ன வருத்தம்?” என்பதே அவர்களின் கேள்வி. வேறு சில அழைப்புகள் அப்படிப்பட்ட மகள்மாரிடமிருந்தே வந்தன. அவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். இரு சாராரும் பேச்சை எழுத்தில் தரும்படி கேட்டதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் மேற்கு சிட்னியில் 15 ஆண்டுகளுக்கு மேலாக உளவளத்துணையாளராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் வருவோரில் எமது பெண்களும் கணிசமானோர். அவர்கள் சொல்வது என்னோடு இருக்கவேண்டியது. ஆகவே கீழே நான் “மகள்” என்று குறிப்பிடுபவர் தனியொருவர் அல்லர். பலரிடம் கண்டதைச் சேர்த்தே சொல்கிறேன்.

யோசனை என்ற எங்கள் சொல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் “யோசனை” என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. “அது நல்ல யோசனை” என்றால் பாராட்டு. “அவளுக்கு ஒரே யோசனை” என்றால் கவலை. சிந்திப்பதற்கும் கவலைப்படுவதற்கும் நாங்கள் ஒரே சொல்லையே வைத்திருக்கிறோம். ஒரே தாய், ஒரே பிள்ளைக்கு, காலையில் “எதையும் யோசிச்சுச் செய்” என்கிறாள். இரவில் “யோசியாதை, படு” என்கிறாள். எந்த யோசனை நல்லது, எது கூடாது என்று பிள்ளைக்கு ஒருவரும் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதில்லை.

உளவியலாளர்கள் ஓயாத யோசனையை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஒன்று. “கூட்டத்திலை நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மாமி என்ன நினைச்சிருப்பா?” என்பது போன்றது. மாடு இரைமீட்பது போன்ற செயல் இது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லும் மாடு இரைமீட்பதைக் குறிக்கும் சொல்தான். மற்றையது, இன்னும் நடக்காததை முன்கூட்டியே நடத்திப் பார்ப்பது. “ஒருவேளை வேலை போனால்? ஒருவேளை பிள்ளைக்கு அந்தப் பாடசாலை கிடைக்காட்டில்?” என்று “ஒருவேளை”களை அடுக்கிக்கொண்டே போவது.

நல்ல சிந்தனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஒரு எளிய வழி உண்டு. பத்து நிமிடம் யோசித்த பின் “அடுத்து நான் செய்யவேண்டியது இது” என்று ஒரு வரியில் எழுத முடிகிறதா? முடிந்தால் அது சிந்தனை. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறீர்கள் என்றால் அது சுற்றல். இக்கட்டுரை அந்தச் சுற்றலைப் பற்றியது.

எங்கே பழகினோம்?

“அவள் சின்னனிலையிருந்தே அப்பிடித்தான்” என்று பல தாய்மார் சொல்வார்கள். பிறவிக் குணத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் பழக்கத்தால் வந்த பங்கும் உண்டு. பழகியதையே மாற்ற முடியும் என்பதால் அதைப் பற்றிப் பேசுவது பயனுள்ளது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தோளில் ஒரு பை இருந்தது. எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அப்பாவின் அடையாள அட்டை, காணி உறுதி, அக்காவின் ஓ.எல். பெறுபேறு எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருந்தன. அந்தப் பை அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே கதவடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் முன்யோசனையால் அந்தக் கடதாசிகள் தப்பின. அவை தப்பியபடியால் பின்னாளில் எங்கள் குடும்பத்தால் தன்னை யாரென்று நிரூபிக்க முடிந்தது. சத்தத்தை வைத்தே பொம்பரா ஹெலியா என்று சொல்ல அந்த நாளில் எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பங்கருக்குள் எப்போது இறங்கவேண்டும், எப்போது ஏறலாம் என்பதும் தெரியும். உயிராபத்து உண்மையாகவே இருந்த காலத்தில் ஓயாமல் முன்னால் யோசிப்பது சரியான காரியமாகவே இருந்தது. 1983 இல் கொழும்பை விட்டு ஓடியவர்களுக்கும், 2009 இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் தத்தம் வீட்டில் இதே போன்ற ஒரு பைக்கதை இருக்கும்.

பிறகு இந்த நாட்டுக்கு வந்தோம். குண்டுச் சத்தம் இல்லை, ஆனால் படிவங்கள் இருந்தன. ஆங்கிலம் விரைவாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை வீட்டின் மொழிபெயர்ப்பாளரானாள். நான் கண்டவரையில் அது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையாகவே இருக்கும். சென்ரர்லிங்க் அலுவலகத்தில், வைத்தியரின் அறையில், குடிவரவுக் கடிதங்களுக்கு முன்னால் 12 வயதுப் பிள்ளை பெரியவர்களின் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு திகதி பிழைத்தால் மாதக்கணக்கில் இழுபடும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே மூன்று தரம் சரிபார்த்தாள். சரியாக வந்தபோது “கெட்டிக்காரி” என்றார்கள். அந்த வயதில் அந்தச் சொல்லுக்கு இருந்த பெறுமதியை அப்படி வளர்ந்த பெண்கள் அறிவார்கள்.

இப்படியாக, பயந்த வீட்டில் பிள்ளை இரண்டு பாடங்களைப் படித்துக்கொள்கிறாள். ஒன்று, நான் முன்கூட்டியே யோசித்தால் வீட்டுக்கு ஆபத்து வராது. மற்றது, நான் பிழை விடாதிருந்தால் அம்மா அப்பாவின் முகம் வாடாது. இந்தப் பாடங்களை யாரும் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனாலேயே அவை இன்னும் ஆழமாகப் பதிந்தன.

கெட்டிக்காரியின் வேலைநாள்

இந்தப் பழக்கத்துக்குப் பாடசாலை பரிசு கொடுத்தது. எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கும் பிள்ளைக்கு நல்ல புள்ளி வந்தது. பல்கலைக்கழகமும் பரிசு கொடுத்தது. பிறகு வேலைத்தலமும் கொடுத்தது. “எதையும் தவறவிடமாட்டா” என்று மேலதிகாரி எழுதினார். அவள் உயர உயர அந்தப் பழக்கமும் கூடவே உயர்ந்தது.

இன்று அவளுக்கு 38 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரி மின்னஞ்சலை ஏழு தரம் வாசித்த பின்பே அனுப்புகிறாள். அனுப்பியபின் எட்டாம் தரமும் வாசிக்கிறாள். கூட்டத்தில் தான் சொன்ன ஒரு வசனத்தை ரயிலில் வரும்போது திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் நீச்சல் வகுப்பு, மாமாவின் இரத்தப் பரிசோதனை, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை, அடுத்த கிழமை வரும் விருந்தினர். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. தாடை இறுகிக் கிடக்கிறது, கழுத்து நோகிறது, வயிறு சரியில்லை. வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்.

போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150க்கு மேற்பட்ட பெண்களோடு பழகிய அனுபவத்திலிருந்து எழுதியது. தமது வெற்றியைத் தகுதியால் வந்ததாக அந்தப் பெண்கள் எண்ணவில்லை. ஏதோ அதிட்டத்தால் வந்தது, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பயம் உள்ளவர் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் கடுமையாகக் கவலைப்பட்டு, கடுமையாக உழைத்து, வெற்றி பெறுவார். அந்த வெற்றி கவலையின் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆகவே அடுத்த வேலைக்கும் அதே கவலை தேவைப்படும்.

1991 இல் போல் ஹூவிற், கோர்டன் பிளெற் என்ற இரு உளவியலாளர்கள், பிழையற்றிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள். நான் என்னிடம் எதிர்பார்ப்பது ஒன்று, நான் பிறரிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று, பிறர் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நான் நம்புவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகை எமது வீடுகளுக்குப் பழக்கமானது. “நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு உங்களுக்காகத்தானே வந்தனாங்கள்” என்ற வசனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதை விளக்கத் தேவையில்லை. அப்படிச் சொல்லாத பெற்றோரின் பிள்ளையும், அப்பா இரவில் தொழிற்சாலைக்குப் போவதைப் பார்த்தே அதை விளங்கிக்கொள்கிறாள். கவலையை விட்டால் அந்தத் தியாகத்தை மறந்தவளாகிவிடுவேனோ என்ற எண்ணம் அவளுக்கு உண்டு. இதை என்னிடம் பலர் அழுதுகொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

கவலை ஏன் தன்னைத் தானே வளர்க்கிறது?

“குடை கொண்டு போற நாளிலை மழை பெய்யாது” என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம். கவலையும் அப்படித்தான் வேலை செய்கிறது. நாம் பயந்த பெரும்பாலானவை நடப்பதில்லை. ஒரு இரவு முழுக்கக் கவலைப்பட்டாள், காலையில் ஒன்றும் நடக்கவில்லை. உடனே மனம் “நல்லகாலம் யோசிச்சு வைச்சேன்” என்று பதிந்துகொள்கிறது. கவலைப்படாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்பதைப் பரிசோதித்துப் பார்க்க அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் தோமஸ் போர்கோவெக் இதில் இன்னொன்றையும் கண்டார். கவலை பெரும்பாலும் சொற்களாகவே ஓடுகிறது, படங்களாக அல்ல. பயங்கரமான காட்சி ஒன்று மனக்கண்ணில் வந்தால் நெஞ்சு பதறும். அதைச் சொற்களாக மாற்றி “அப்படி வந்தால் இப்படிச் செய்யலாம், இப்படி வந்தால்...” என்று ஓடவிட்டால் அந்தப் பதற்றம் அந்தக் கணத்துக்குச் சற்றுத் தணியும். ஆகவே மனம் அதை ஒரு நிவாரணமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அடியிலுள்ள பயம் கரையாமல் அப்படியே இருக்கிறது.

சூசன் நோலன்-ஹூக்செமா (1959–2013) இத்துறையில் முன்னோடியான பெண் ஆய்வாளர். கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர்களின் மனநிலையையும், மனம் சோரும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுப் பதிந்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 ஒக்ரோபர் 17 அன்று, அப்பகுதியைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அதே மாணவர்களைப் பத்து நாட்களின் பின்னரும் ஏழு வாரங்களின் பின்னரும் மீண்டும் கேட்டார். பூகம்பத்துக்கு முன்பே இரைமீட்கும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தோரிடம் பின்னர் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. அவர்களின் முந்திய மனநிலையைக் கணக்கில் எடுத்த பின்னும் இந்த முடிவு மாறவில்லை.

யோசித்தால் வழி பிறக்கும் என்ற நம்பிக்கையையும் அவர் சோதித்தார். 1995 இல் சோன்யா லுபோமிர்ஸ்கியுடன் செய்த ஆய்வில், மனம் சோர்ந்திருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தம்மைப் பற்றியே எண்ணவிட்டார்கள். மற்றவர்களின் கவனத்தை வேறு விடயங்களில் திருப்பினார்கள். பிறகு இரு பகுதியினரிடமும் பிரச்சினைகளுக்குத் தீர்வு கேட்டபோது, தம்மைப் பற்றியே எண்ணியவர்கள் சொன்ன தீர்வுகள் தரத்தில் குறைந்திருந்தன. சராசரியில் பெண்களிடம் இரைமீட்பு சற்று அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வித்தியாசம் பெரிதல்ல. எமது ஆண்களும் யோசிக்கிறார்கள், பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

உடம்பின் கதை சுருக்கமானது. ஆபத்து வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், அட்ரினலினும் கோட்டிசோலும் இரத்தத்தில் கூடும். ஆபத்து போனதும் உடம்பு தணியவேண்டும். மனம் அந்த ஆபத்தை விடாமல் பேசிக்கொண்டிருந்தால் உடம்பும் ஆயத்த நிலையிலேயே நிற்கும். இரவு இரண்டு மணி விழிப்புக்கும் இறுகிய தாடைக்கும் இது ஒரு முக்கிய காரணம்.

“யோசியாதை” ஏன் உதவுவதில்லை?

டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987 இல் ஒரு சிறு பரிசோதனை செய்தார். ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்கவேண்டாம், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்பு தடையை நீக்கியபோது, முதலிலிருந்தே கரடியை நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிடக் கூடுதலாக அவர்கள் கரடியை நினைத்தார்கள். தடுக்கப்பட்ட எண்ணம் இப்படித்தான் திரும்பி வருகிறது.

ஆகவே தாய்மாரே, “யோசியாதை பிள்ளை” என்று நீங்கள் அன்போடு சொல்வது அவளுக்கு இன்னொரு வேலையைக் கொடுக்கிறது. இனி அவள் யோசிக்கிறேனே என்றும் யோசிக்கவேண்டும். “உனக்கு என்ன குறை?” என்ற கேள்வி அதைவிடக் கனமானது. குறையில்லாமல் கவலைப்படுவது குற்றம் என்று அது சொல்லிவிடுகிறது.

அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்? “எதைப் பற்றி ஓடுது மனம்? சொல்லு, கேக்கிறன்.” கேட்டபின் உடனே தீர்வு சொல்லவேண்டாம். “நீ சின்னனிலை எங்களுக்காகக் கன பாரம் தூக்கினாய். இப்ப நாங்கள் பத்திரமாய் இருக்கிறம்” என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். பெற்றோரின் வாயிலிருந்து இதைக் கேட்ட பிறகே தோள் இறங்கிய பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

செய்து பார்க்கக்கூடியவை

முதலாவது, கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குதல். போர்கோவெக்கும் அவரது குழுவினரும் 1983 இல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே கதிரையில், அரை மணி நேரம் கவலைப்படலாம். படுக்கையறையும் படுக்கும் நேரமும் வேண்டாம். பின்னேரம் ஆறு மணி என்று வையுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு துண்டில் இரண்டு சொல் எழுதிவிட்டு “ஆறு மணிக்கு வா” என்று அனுப்பிவிடுங்கள். இது தடுப்பதல்ல, தள்ளி வைப்பது. ஆறு மணிக்கு அந்தத் துண்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் சப்பென்று போயிருப்பதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது, “ஏன்” என்பதை “எப்படி” என்று மாற்றுதல். இங்கிலாந்தின் எக்ஸற்றர் பல்கலைக்கழகத்து எட்வேர்ட் வற்கின்ஸ் இதைப் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்தவர். “நான் ஏன் இப்படி இருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன்” என்ற பொதுப்படையான கேள்விகள் சுற்றலை வளர்க்கும். “நாளைக்குக் காலமை முதலாவதாக என்ன செய்வன், எப்பிடிச் செய்வன்” என்ற குறிப்பான கேள்வி ஒரு படியைக் காட்டும்.

மூன்றாவது, “காணும்” என்று நிறுத்தப் பழகுதல். கனடாவைச் சேர்ந்த மிஷேல் டுகாவும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் காட்டியபடி, கவலையின் வேரில் இருப்பது நிச்சயமின்மையைத் தாங்க முடியாமை. அதைச் சிறு அளவில் தாங்கிப் பழகவேண்டும். முக்கியமில்லாத மின்னஞ்சல் ஒன்றை ஒருதரம் மட்டும் வாசித்து, “இது காணும்” என்று சொல்லி அனுப்புங்கள். அனுப்புமுன் என்ன கேடு வரும் என்று பயப்படுகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். ஒரு கிழமை கழித்து என்ன வந்தது என்று பாருங்கள். மழை பெய்யுமா என்று அறியக் குடையில்லாமல் வெளியே போய்ப் பார்ப்பது போன்ற பரிசோதனை இது. முதலில் கை நடுங்கும். செய்யச் செய்ய நடுக்கம் குறையும்.

நான்காவது, உடம்பைத் தணித்தல். மூச்சை உள்ளே எடுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நாளாந்தம் நடவுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேநீர், கோப்பி வேண்டாம். படுக்கையில் இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் இருந்துவிட்டு, நித்திரை வந்தால் திரும்பிப் போங்கள். கட்டில் கவலைப்படும் இடமாக மனதில் பதியக் கூடாது.

ஆபத்து உண்மையாக இருக்கும்போது

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். எல்லா யோசனையும் பழைய பயத்தின் நிழல் அல்ல. தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களில் இருந்தோருக்கு நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழியை அவுஸ்திரேலிய அரசு 2023 பெப்ரவரியில் திறந்தது. ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, பிரிட்ஜிங் விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் எம்மவர் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெண்ணிடம் போய் “இது உன் மனப்பழக்கம்” என்று சொல்வது அநியாயம். அவளுக்கு முதலில் தேவை நல்ல சட்ட உதவியும் பக்கத்தில் நிற்கும் மனிதரும். கடன், வீட்டில் அடி உதை, வேலைத்தலத்தில் இனப் பாகுபாடு என்பனவும் அப்படியே. இவற்றில் மூச்சுப் பயிற்சி அன்றிரவு நித்திரைக்கு உதவலாம். காரணத்தை அகற்றும் வேலை தனியே நடக்கவேண்டும்.

அடுத்த தலைமுறை

நியூ சவுத் வேல்சில் 4 ஆம் வகுப்பில் ஓ.சி. பரீட்சை, 6 ஆம் வகுப்பில் செலக்டிவ் பரீட்சை. போரையே காணாத பத்து வயதுப் பேத்தி, “அம்மா, இது சரியா? திருப்பிப் பாக்கட்டா?” என்று ஒவ்வொரு கணக்குக்கும் கேட்கிறாள். வயிற்றுவலி என்று பரீட்சைக்கு முதல்நாள் படுக்கிறாள். பொம்பர் சத்தம் அவளுக்குத் தெரியாது. தாயின் முகம் தெரியும்.

பிள்ளைகள் நாங்கள் சொல்வதைவிட நாங்கள் செய்வதையே படிக்கிறார்கள். ஆகவே பிள்ளை காண ஒரு முடிவை எடுத்து, “காணும், இனி மாத்திறதில்லை” என்று சொல்லுங்கள். பிள்ளை ஒரு புள்ளி குறைய எடுத்து வந்த நாளில் வழக்கம்போலச் சோறு குழைத்துக் கொடுங்கள். ஆங்கிலக் கடிதங்களைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் செய்யும் பழக்கம் வீட்டில் இன்னும் இருந்தால், இயன்றவரை பெரியவர் ஒருவரிடம் அல்லது மொழிபெயர்ப்புச் சேவையிடம் மாற்றுங்கள். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எமது குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது படிப்பு. பயமில்லாமலும் படிக்கலாம் என்பதே நான் சொல்வது.

எப்போது உதவி தேடவேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், வேலைக்கோ பாடசாலைக்கோ போக முடியாதிருந்தால், பழைய காட்சிகள் திடீரென வந்து உடம்பை உலுக்கினால், உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். மனநலப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதித் தரும்படி கேளுங்கள். அதன் மூலம் ஓர் ஆண்டில் 10 தனி அமர்வுகள் வரை உளவியலாளரின் கட்டணத்தில் ஒரு பகுதியை மெடிகெயார் திருப்பித் தரும். கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்பதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அகதிகளாகவும் புகலிடம் கோரியும் வந்தோருக்கென நியூ சவுத் வேல்சில் 1988 முதல் இயங்கும் ஸ்ராட்ஸ் நிறுவனத்தில் இலவச ஆலோசனை உண்டு. ஆங்கிலம் கடினமென்றால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

“ஊருக்குத் தெரிய வந்தால்?” என்ற பயம் எமக்கு உண்டு. நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது ஆலோசகரின் கடமை. யாருடையதாவது உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விதிவிலக்கு. முதல் சந்திப்பிலேயே அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொலைபேசி மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் பெயரைச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவேண்டாம். லைஃப்லைன் 13 11 14 இலக்கத்தில் 24 மணி நேரமும் பேசலாம். உயிராபத்து உடனடியாக இருந்தால் 000. வேறு நாடுகளில் வாழும் நேயர்கள் தங்கள் குடும்ப வைத்தியரிடம் தொடங்குவது நல்லது.

கதவடியில் தொங்கிய பை எமது தாய்மாரின் அறிவு. அதை நாம் பழிக்கத் தேவையில்லை. அந்தப் பையை இன்னும் தோளில் போட்டபடி படுக்கவேண்டிய அவசியம் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தாயும் மகளும் ஒருதரம் இருந்து கதைத்துப் பாருங்கள். கதைத்தபின் உங்களுக்குத் தோன்றியதை வானொலிக்கு எழுதுங்கள். பெயர் போடவேண்டியதில்லை. அடுத்த மாதப் பேச்சில், எமது ஆண்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதைப் பற்றிக் கதைப்போம்.